கையெழுத்திடும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு செவிலியர் ஒரு படிவத்தை நீட்டி, பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது, நம் பகுதியில் அந்தப் படிவம் பெரும்பாலும் நோயாளியின் கைக்குப் போவதே இல்லை. கணவரோ மகனோ மருமகனோ அதை வாங்கிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நோயாளியை வீண் கவலைக்கு உள்ளாக்கக் கூடாது என்ற அக்கறையே இதற்குக் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் 18 வயது நிரம்பி, தெளிந்த நினைவோடு இருக்கும் ஒருவருடைய உடலைப் பற்றிய முடிவு அவருடையது. உறவினர் துணையாக இருக்கலாம், யோசனை சொல்லலாம், ஆனால் அவருக்குப் பதிலாக ஒப்புதல் தர முடியாது.

உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த ஒரு தீர்ப்பு இதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. 1995-இல் தில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் மாதவிடாய்ப் போக்கு நிற்காததால் மருத்துவமனைக்குச் சென்று, வயிற்றுக்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்று அவருடைய கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்றும், மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றும், தாயாரின் சம்மதம் செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. உயிரைக் காப்பாற்ற அந்த நேரத்திலேயே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே இதற்கு விலக்கு. நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை எவை என்பதையும் அதே தீர்ப்பு வகுத்தது: சிகிச்சையின் தன்மையும் நோக்கமும் பயனும், மாற்று வழிகள் இருந்தால் அவை, குறிப்பிடத்தக்க அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை. இந்த நான்கும் உங்களுக்கு விளங்கிவிட்டனவா என்பதுதான் கையெழுத்திடலாமா என்பதற்கான அளவுகோல்.

அவசரமா, அவகாசம் உண்டா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இன்றே செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்பதே. தொப்பூர் கணவாயில் விபத்தில் சிக்கி நினைவிழந்து கொண்டுவரப்பட்டவருக்கும், மாரடைப்பில் வந்தவருக்கும், பக்கவாதம் தாக்கியவருக்கும், குடல் பிதுங்கி இறுகிவிட்டவருக்கும் நேரமே உயிர். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஊரிலிருந்து பெரியப்பா வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று அங்கே காத்திருப்பது தவறு. நினைவற்ற நிலையில் வந்தவருக்கு, உறவினர் எவரும் இல்லாவிட்டாலும், உயிர் காக்கும் சிகிச்சையை மருத்துவர் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் போலீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே கூறிவிட்டது. சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் ஏற்கிறது. எனவே சேர்த்துள்ள மருத்துவமனை அந்தத் திட்டத்தில் உள்ளதா என்று உடனே கேளுங்கள்.

கண்புரை, பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி, முழங்கால் மூட்டு மாற்று, சிக்கலில்லாத குடலிறக்கம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோ அவகாசம் இருக்கும். அவகாசம் உண்டு என்று மருத்துவரே சொல்லிவிட்டால், அன்றே முடிவு சொல்லுமாறு அலுவலகத்தில் யாராவது நெருக்கினாலும் நீங்கள் இணங்க வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டைக்கு அனுமதி வந்துவிட்டது என்பது சிகிச்சைக்கான மருத்துவக் காரணம் ஆகாது. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அது இடம்பெற்றுள்ளது. தனியார் மருத்துவமனையில் சொன்னதை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புறநோயாளிச் சீட்டு வாங்கிக் கேட்டுப் பார்க்கலாம். ஸ்கேன் படங்களையும் பரிசோதனை முடிவுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் மருத்துவர் சொன்ன முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடாமல், இரண்டாமவர் தாமாக என்ன சொல்கிறார் என்று கேட்பது நல்லது.

மருத்துவரிடம் கேட்கும் முறை

கேள்வி கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்ற அச்சம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அரசு மருத்துவமனையின் காலை நேரப் புறநோயாளிக் கூட்டத்தில் மருத்துவருக்கு ஒருவரோடு பேசக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆகவே கேள்விகளைச் சீட்டின் பின்புறத்திலோ குழந்தையின் நோட்டுத் தாளிலோ முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள். உள்நோயாளியாகச் சேர்ந்த பிறகு மாலையில் வார்டுக்கு வரும் பணி மருத்துவரிடம் நிதானமாகப் பேச வாய்ப்பு அதிகம். "டாக்டர், நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு உங்கள் சொற்களில் சொல்லிப் பாருங்கள். மருத்துவர் சொன்னதற்கும் நாம் கேட்டுக்கொண்டதற்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் செய்யாமல் மாத்திரையில் பார்க்க முடியுமா, யார் செய்வார்கள், எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது, பிறகு வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டுமா, மொத்தச் செலவு எவ்வளவு ஆகலாம் என்பவை தயங்காமல் கேட்க வேண்டியவை. கல் உடைக்கிறவருக்கும் தக்காளி பறிக்கிறவருக்கும் பாரம் தூக்கக் கூடாத மாதங்கள் எத்தனை என்பது மருத்துவ அபாயத்துக்குச் சமமான தகவல்.

மயக்க மருந்து கொடுப்பவர் வேறொரு மருத்துவர். அதற்கு ஒப்புதலும் தனி. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, குடிப்பழக்கம், சாப்பிடும் நாட்டு மருந்து ஆகிய அனைத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முதுகில் ஊசியா, முழு மயக்கமா, இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் உங்களுக்கு விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது.

படிவத்தைக் கையாளும் முறை

அச்சடித்த படிவத்தில் ஆபரேஷனின் பெயரை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால் கையெழுத்திடாதீர்கள். அதை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாளும் நேரமும் எழுதுங்கள். கையெழுத்திடுவதற்கு முன்பும் பின்பும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும். "தேவைப்பட்டால் வேறு எந்த அறுவை சிகிச்சையும் செய்யலாம்" என்பது போன்ற பொதுவான வரி இருந்தால், எந்தெந்தச் சூழலில் எதைச் செய்ய நேரலாம் என்று கேட்டு, ஏற்காததை அதே படிவத்தில் உங்கள் கையாலேயே எழுதிவைக்கலாம். "உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி, கர்ப்பப்பையை என்னைக் கேட்காமல் அகற்ற எனக்குச் சம்மதம் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். கைநாட்டு வைப்பவருக்குப் படிவம் முழுவதையும் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். மருத்துவமனை ஊழியர் அல்லாத ஒருவர் சாட்சியாக இருப்பது நல்லது. ஒப்புதல் கொடுத்த பிறகும், சிகிச்சை தொடங்கும் வரை அதைத் திரும்பப் பெறலாம். அறுவை அரங்கின் வாசலில் மனம் மாறினாலும் சொல்லலாம்.

மொழி நம் இரு மாவட்டங்களுக்கும் தனிப்பட்ட சிக்கல். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். தமிழ்ப் படிவம் அவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ரெஃபர் செய்யப்பட்டு பெங்களூருவுக்குச் செல்கிறவர்களுக்கோ ஆங்கிலமும் கன்னடமும் கலந்த படிவம் நீட்டப்படுகிறது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறுவதும் சாசனத்தில் உள்ள உரிமையே. எனவே பெங்களூரு செல்லும்போது மொழி தெரிந்த ஒருவரை, முடிந்தால் குடும்பத்துக்கு வெளியே உள்ளவரை, உடன் அழைத்துச் செல்லுங்கள். அல்லது தமிழ் பேசும் செவிலியரையோ மருத்துவ சமூகப் பணியாளரையோ கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் இத்தகையோர் உண்டு. மொழிபெயர்க்கும் மகன் கசப்பானவற்றைத் தாமாகவே விழுங்கிவிடுவது இயல்பு என்பதால்தான் குடும்பத்துக்கு வெளியே உள்ளவரைச் சொல்கிறேன். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மலைக்கிராமங்களிலிருந்து வரும் பழங்குடியினருக்காக, உடன் வந்த வேறு ஒருவர் கையெழுத்திடுவது எந்த வகையிலும் ஒப்புதல் ஆகாது.

நோயாளியிடம் மறைக்கலாமா?

புற்றுநோய் என்று தெரிந்தவுடன் "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்" என்று மகன் கெஞ்சுவது இங்கே அன்றாடக் காட்சி. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் தமக்கு என்ன நோய் என்று தெரியாத அந்த அப்பா, எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதை அறியாமலேயே கீமோ ஊசிக்குக் கையை நீட்டுகிறார். எவரிடம் எவ்வளவு கடன் இருக்கிறது, நிலத்தை யார் பெயரில் எழுதுவது, இளைய மகளின் கல்யாணத்தை முன்னதாக முடிப்பதா என்பவற்றை முடிவு செய்ய அவருக்கு இருந்த காலமும் கைநழுவிவிடுகிறது. தலைமுடி கொட்டி, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பெங்களூரு கிட்வாய் மருத்துவமனைக்கோ போய்வந்து, பக்கத்துப் படுக்கைக்காரரிடமிருந்து அவர் தாமாகவே அறிந்துகொள்ளும் நாளில், யாரிடமும் அதைப் பேச முடியாத தனிமையும் சேர்ந்துவிடுகிறது. எந்தத் தரப்பில் நின்று பார்த்தாலும் மறைப்பது சரியாகாது என்றே நான் நினைக்கிறேன்.

அதே சமயம், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. இதைத் தீர்க்கும் வழி எளிமையானது. ஆனால் காலத்தே செய்ய வேண்டும். சதைப் பரிசோதனைக்குக் கொடுத்த அன்றே, முடிவு வருவதற்கு முன்பே, நோயாளியிடம் கேளுங்கள்: "முடிவு வந்தால் டாக்டர் உங்களிடமே எல்லாவற்றையும் சொல்லட்டுமா, இல்லை அண்ணனிடம் சொன்னால் போதுமா?" அண்ணனிடம் சொன்னால் போதும் என்று அவரே சொன்னால், அது அவருடைய தேர்வு, அதை மருத்துவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். முடிவு வந்த பிறகு குடும்பம் ஒதுங்கி நின்று பேசி எடுக்கும் தீர்மானத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. சொல்ல நேரும்போது ஒரே மூச்சில் கொட்டாமல், "உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று தொடங்கச் சொல்லி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள்.

பெண்களின் முடிவுகள்

மிக அதிகமாக மீறப்படுவது பெண்களின் ஒப்புதல்தான் என்பதால் இந்தப் பகுதியைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை. செய்துகொள்பவரின் ஒப்புதல் மட்டும் போதும் என்பதே மத்திய அரசின் வழிகாட்டுதல். கட்டாயத்தின் பேரிலோ மயக்க மருந்தின் தாக்கத்தில் இருக்கும்போதோ அந்த ஒப்புதலைப் பெறவும் கூடாது. ஆனால் இரண்டாவது சிசேரியனுக்காக மேசையில் படுத்திருக்கும் பெண்ணிடம் "அதோடு சேர்த்து முடித்துவிடலாமா?" என்று கேட்கப்படுவதும், பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி பொருத்திவிட்டுப் பிறகு சொல்வதும் நடக்கக் கூடியவை. இதைத் தவிர்க்க, எட்டாம் மாதத்திலேயே முடிவெடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம், சிசேரியன் எந்தச் சூழலில் தேவைப்படும், குடும்பக் கட்டுப்பாடு வேண்டுமா, காப்பர்-டி வேண்டுமா என்று பேசி, வேண்டும் அல்லது வேண்டாம் என்பதைக் கர்ப்பகால அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு நிதானமாக யோசிக்க எவராலும் முடியாது.

கருக்கலைப்பிலும் அப்படியே. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் ஒன்றே போதும் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மணமாகாதவருக்கும் 24 வாரம் வரையிலான விதி பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், அதற்கு மேல் 24 வாரம் வரை சட்டம் குறிப்பிடும் பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நம் மாவட்டத்துக்காரர்கள் அதைக் கடந்துபோக முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கிப் பின்னர் தருமபுரிக்கும் வந்ததன் காரணம் இங்கே நடந்த பெண் சிசுக்கொலை என்பது நாம் அறிந்ததே. கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது நோயாளியின் தேர்வுரிமைக்குள் வராது. மாமியாரும் கணவரும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போய், பெண் என்று தெரிந்து கலைக்கச் சொல்வது அந்தப் பெண்ணின் உரிமையைப் பறிப்பதாகும். அத்தகைய வழக்கில், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கணவரோ உறவினரோதான் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று நீதிமன்றம் கருத வேண்டும் என அந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. புகார் சொன்னால் தாமே மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சும் பெண்களுக்கு இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

அடுத்தது கர்ப்பப்பை அகற்றுதல். அதிகப் போக்கோடு வரும் நாற்பது வயது விவசாயக் கூலிப் பெண்ணிடம், "குழந்தை பெற்றாயிற்று, இனி எதற்கு அது, விட்டால் புற்றுநோய் வரும்" என்று சொல்லப்பட்டால், அங்கே கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. புற்றுநோய் அறிகுறி உண்மையிலேயே உள்ளதா, சதைப் பரிசோதனை செய்தார்களா? மாத்திரையோ ஹார்மோன் சுரக்கும் கருப்பை வளையமோ போதுமா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? மாதவிடாய் நிற்கும் வயது நெருங்கிவிட்டதா? நின்ற பிறகு நார்க்கட்டிகள் பெரும்பாலும் தாமாகவே சுருங்கும். சினைப்பைகளை விட்டுவைப்பார்களா என்பது மிக முக்கியமான கேள்வி, ஏனெனில் அவற்றையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்து, எலும்புத் தேய்வும் இதய நோய் அபாயமும் கூடும். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. எனவே இரண்டாவது கருத்துக் கேட்காமல் இந்த அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

மறுப்பதும் வெளியேறுவதும்

வயது வந்தவர் சிகிச்சையை மறுக்கலாம். மறுப்பதற்கு முன், மறுத்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்டறிந்து மறுக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுகிறோம் என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்வார்கள், அதில் தவறில்லை. கையெழுத்திட்டாலும் சிகிச்சைச் சுருக்கத்தையும் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள். கட்டண பாக்கிக்காக நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்து வைத்திருக்கக் கூடாது என்பதும் சாசனத்தில் உள்ளது.

நினைவு தவறும் நிலைக்கான முன்னேற்பாடு

மீள முடியாத நிலையில் வென்டிலேட்டரைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவைப் பிள்ளைகளின் தலையில் சுமத்துவதற்குப் பதிலாக, உடல்நலத்தோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம். கண்ணியத்தோடு இறக்கும் உரிமையை 2018 மார்ச்சில் ஏற்ற உச்ச நீதிமன்றம், கடினமாக இருந்த நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தெளிவாக எழுதி, உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரையோ பலரையோ பெயர் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற வேண்டும். முன்பு போல மாஜிஸ்திரேட்டைத் தேட வேண்டியதில்லை. பின்னர் சிகிச்சையை நிறுத்தும் நேரம் வந்தால், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும். பக்கத்து மாநிலமான கர்நாடகம் 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. மனநலச் சிகிச்சைக்கான இது போன்ற முன்விருப்ப ஆவணத்தை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே தனியாக அனுமதிக்கிறது. ஆவணத்தின் ஒரு பிரதி நீங்கள் பெயர் குறிப்பிட்டவரிடமும், மற்றொன்று குடும்ப மருத்துவரிடமும் இருக்கட்டும். பீரோவில் பூட்டிய தாள் நள்ளிரவில் எவருக்கும் உதவாது.

ஆவணங்களும் புகாரும்

மருத்துவக் குறிப்புகளை நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. உள்நோயாளிக் குறிப்புகளை மூன்றாண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு கொடுக்கலாம்.

ஒப்புதலின்றி எதையாவது செய்துவிட்டார்கள் என்றால், முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ மருத்துவக் கல்லூரி முதல்வரிடமோ எழுத்துப் புகார் கொடுங்கள். தனியார் மருத்துவமனையானால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் செல்லலாம். மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சைக்கு இழப்பீடு கேட்பதானால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதன் வரம்புக்குள் வராது, அங்கே உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோதான் அணுக வேண்டும். புகார் எதுவானாலும், நடந்ததை நாள், நேரம், பேசியவர், சொன்ன சொல் என்ற வரிசையில் அன்றிரவே எழுதிவைத்து, படிவத்தின் புகைப்படத்தையும் ரசீதுகளையும் அதனுடன் சேர்த்து வையுங்கள்.